வண்டிக்கு ஒன்று... வண்டியில் உறங்குபவனுக்கு ஒன்று!



'கேம்பர் வேன்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டில், அடுப்பு, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் ஒரு வண்டிக்குள் அடக்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றுவார்களே, அதுதான். வாளையாறு தாண்டினால் கேரளம்; அங்கே 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. "அடப் போப்பா, பஸ் பாஸுக்கே அல்லாடுறோம், நமக்கெதுக்கு கேம்பரு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டியிலேயே பொங்கி, வண்டியிலேயே படுத்து, மாதக்கணக்கில் வண்டியே வீடாகக் கிடக்கிற மனிதர்கள் நம்ம கொங்கு நாட்டிலேயே இருக்கிறார்கள்!

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடப் புறப்படும் ரிக் வண்டியைப் பாருங்கள். கூடவே ஒரு துணை லாரி போகும். அதில் குழாய், டீசல், அரிசி மூட்டை, பாத்திரம், பாய், தலையணை எல்லாம் இருக்கும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போகிற ஆட்கள் பொங்கலுக்குத்தான் வீடு திரும்புவார்கள் என்றாலும் ஆச்சரியமில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகளின் டிரைவரும் கிளீனரும் அப்படித்தான். அவர்களுடைய கேம்பர் உல்லாசத்துக்கு இல்லை, பிழைப்புக்கு!

அந்த வண்டிக்குள் ராத்திரி ஒரு ஃபேன் ஓட வேண்டும், ஒரு விளக்கு எரிய வேண்டும். அதற்கு எந்த பேட்டரி வாங்குவது? இதுதான் என் கட்டுரை. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பீர்கள். கொசுக்கடியிலும் புழுக்கத்திலும் கண் மூடாமல் கிடந்த டிரைவர், விடியற்காலை 4 மணிக்கு 25 டன் பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஏறுகிறார். எதிரே வருகிற பஸ்ஸில் நம் அப்பா இருக்கலாம், தங்கச்சி இருக்கலாம். இப்போது சொல்லுங்கள், அந்த ஃபேன் சின்ன விஷயமா?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஏ.சி. என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜினை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு? மறுபடி பேட்டரிதான் கதி!

கடையில் கேட்காத கேள்விகள்

நம்மூர் பேட்டரிக் கடையில் பேச்சு எப்படிப் போகும் தெரியுமா?

"அண்ணா, கேபின்ல ரெண்டு ஃபேனு, லைட்டெல்லாம் ஓட்டோணுங்க. ஒரு பேட்டரி குடுங்க."

"எந்தக் கம்பெனிங்க தம்பி?"

"நல்லதாப் பார்த்துக் குடுங்கண்ணா. வாரண்டி எத்தன மாசமுங்க? வெல எவ்வளவுங்க?"

அவ்வளவுதான்! கம்பெனி, வாரண்டி, விலை என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிட்டது. இதற்கு என்ன வேலை? வண்டியில் எங்கே வைக்கப் போகிறீர்கள்? தண்ணீர் யார் ஊற்றுவார்கள்? இந்த மூன்றையும் வாங்குபவரும் கேட்கவில்லை, விற்பவரும் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது இவைதான் என்பதே என் கட்சி.

ரேக்ளாக் காளையும் கவலை எருதும்

1859-ல் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளான்டே செய்துகாட்டிய அதே ஈய-அமில பேட்டரிதான் இன்றைக்கும் நம் வண்டியில் இருப்பது. கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு பக்க பிளேட்டும் ஈய சல்ஃபேட்டாக மாறும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இது நமக்குத் தேர்வில் கேட்கும் கேள்வி. தேர்வில் கேட்காதது என்னவென்றால், உள்ளே ரசாயனம் ஒன்றாக இருந்தாலும் பிளேட்டின் கட்டுமானம் வேலைக்குத் தக்கபடி மாறும் என்பது.

ரேக்ளாப் பந்தயக் காளையை நினைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம், பேய் வேகம்! ஸ்டார்ட்டிங் பேட்டரி அந்த ஜாதி. மெல்லிய பிளேட்டுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். சில விநாடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் கொடுத்து என்ஜினை எழுப்பிவிடும். எடுத்த கொஞ்சத்தை ஆல்டர்னேட்டர் உடனே நிரப்பிவிடும்.

நம் தாத்தா காலத்தில் கவலை இறைத்த எருதுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையிலிருந்து சரிவில் இறங்குவதும், பின்னாலேயே ஏறுவதும், மறுபடி இறங்குவதும்தான் அதன் வேலை. டீப் சைக்கிள் பேட்டரி அந்த ஜாதி. பிளேட் தடிமனாக இருக்கும். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இறங்கும், பகலில் ஏறும், மறுநாளும் அதேபடி.

ரேக்ளாக் காளையைக் கவலையில் பூட்டினால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டிங் பேட்டரியை தினமும் ராத்திரி ஃபேனுக்கு வைத்துக் காலியாக்கினால் அதேதான் ஆகும். மெல்லிய பிளேட்டிலிருந்து பூச்சு உதிரும். காலியாகவே விட்டு வைத்தால் சல்ஃபேட் இறுகிப் படிகமாகி, மறுபடி சார்ஜ் ஏறாது. சில பத்து முறை அடிமட்டம் வரை இறக்கினாலே அதன் ஆயுள் முடிந்துவிடும். அப்புறம், "இந்தக் கம்பெனி சரக்கு மோசமுங்க" என்று ஊரெல்லாம் சொல்வோம்! குற்றம் காளையிடம் இல்லை, பூட்டியவரிடம்.

இன்னொரு மயக்கம் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்ற சீட்டு. பிளேட்டின் கம்பிவலையில் கால்சியம் கலந்த ஈயத்தைப் பயன்படுத்துவதால் தண்ணீர் குறைவாகச் செலவாகும். அவ்வளவுதான் அதன் அர்த்தம். மூடி சீல் வைத்த ஸ்டார்ட்டிங் பேட்டரியும் ஸ்டார்ட்டிங் பேட்டரியே!

யார் யார் போட்டியில்?

1. வீட்டு இன்வெர்ட்டரின் உயரமான டியூபுலர். 2012-ல் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனபோது, கோயமுத்தூர்க்காரர்களுக்கு இன்வெர்ட்டர் பாடத்தை மின்வெட்டே நடத்திவிட்டது. அதனால் 'டியூபுலர்தான் பெஸ்ட்' என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. பாசிட்டிவ் பக்கத்துப் பூச்சைத் துணிக்குழாய்களுக்குள் அடைத்திருப்பதால் உதிராது. ஆழமாக இறக்கி ஏற்றுவதை வருடக்கணக்கில் தாங்கும். எல்லாம் உண்மை. ஆனால் அது வீட்டு மூலையில் அசையாமல் நிற்கச் செய்த பொருள். ஐம்பது, அறுபது கிலோ எடையில் உயரமாக நிற்கும் பெட்டியைக் காட்டுப் பாதையில் குலுங்குகிற லாரியில் ஏற்றினால் அமிலம் சிதறும், பெட்டி விரியும். வீட்டில் ராஜா, வண்டியில் ஆபத்து!

2. தண்ணீர் ஊற்றும் டீப் சைக்கிள் பேட்டரி. ஈ-ரிக்ஷாவுக்குப் போடுகிறார்களே, அந்த வகை. தினமும் ஆழமாக இறங்கி ஏறவும், ரோட்டில் குலுங்கவும் என்றே கட்டப்பட்டது. விலை கட்டுப்படியாகும். வடக்கே ஈ-ரிக்ஷா ஓடும் ஊர்களில் மாற்று கிடைப்பதும் சுலபம். நம் ரிக் ஆட்கள் சுற்றுவதும் அந்தப் பக்கம்தானே? குறை என்னவென்றால், தண்ணீர் பார்க்க ஒரு ஆள் வேண்டும். சார்ஜ் ஆகும்போது வாயு வரும். ஆகவே ஆள் படுக்கும் இடத்தில் வைக்கக்கூடாது.

3. ஏ.ஜி.எம். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சு உறிஞ்சிப் பிடித்திருக்கும். சிந்தாது, தண்ணீர் கேட்காது, குலுக்கலைத் தாங்கும். உள்ளே உண்டாகும் ஆக்ஸிஜன் மறுபடி தண்ணீராகிவிடுவதால் வெளியே வாயு வருவது மிகக் குறைவு. இதன் எமன் வெயிலும் அதிக சார்ஜும்தான். உள்ளே தண்ணீர் வற்றினால் ஊற்ற வழியே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்கு வைப்பதும் ஏ.ஜி.எம்.தான், ஆனால் அது எப்போதோ ஒருமுறை உழைக்கச் செய்தது. 'டீப் சைக்கிள்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

4. ஜெல். அமிலம் கூழாக உறைந்திருக்கும். ஆழமாக இறக்குவதை அருமையாகத் தாங்கும். ஆனால் 12 வோல்ட் ஜெல்லுக்குப் பொதுவாக 14.1, 14.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் பண்ணக்கூடாது. தாண்டினால் கூழுக்குள் குமிழி விழும்; அந்த ஓட்டை ஓட்டைதான். லாரி ஆல்டர்னேட்டர் இந்த மென்மையெல்லாம் பார்க்காது. தனி சார்ஜர் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் தீர்ப்பு: என்ஜினுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரி, அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. ஆட்களுக்குத் தனியாக இன்னொன்று. கேபினுக்கு வெளியே, சேஸிஸ் ஓரம் பெட்டி கட்ட இடமும், மாதம் இரண்டு முறை திறந்து பார்க்க ஒரு ஆளும் இருந்தால் தண்ணீர் ஊற்றும் டீப் சைக்கிள். ஆள் படுக்கும் இடத்துக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால், விலை கூடினாலும் ஏ.ஜி.எம். இரண்டாவது இடத்தில் காசு பார்க்காதீர்கள். உள்ளே தூங்குவது மனிதன்!

எவ்வளவு பெரியது?

கணக்குப் போடத் தெரியாமல் நாம் எதற்கு டிப்ளமோ? 15 வாட் ஃபேன் இரண்டு, 8 மணி நேரம்: 240 வாட்-அவர். 5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, 4 மணி நேரம்: 60. ஆறு பேர் செல்போன், ஆளுக்கு 15 வீதம்: 90. ஆக மொத்தம் 390. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 32.5 ஆம்பியர்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால்தான் நீடித்து உழைக்கும், ஆகவே 65. பேட்டரி வயதாவதற்கும் வயர் இழப்புக்கும் கொஞ்சம் சேர்த்தால் 80 ஏ.ஹெச். போதும். 150, 200 என்று கடைக்காரர் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். பெரிய பேட்டரி தினமும் நிரம்பாமல் அரைகுறையாகக் கிடந்தாலும் சல்ஃபேட் பிடிக்கத்தான் செய்யும்.

சீட்டில் 100 ஏ.ஹெச். என்று இருந்தால் பக்கத்தில் சி-10 என்று உள்ளதா, சி-20 என்று உள்ளதா என்று பாருங்கள். சி-20 என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும். அதே பேட்டரியில் 20 ஆம்பியர் இழுத்தால் 5 மணி நேரம் வராது, நாலு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். ஜெர்மனியின் பாய்க்கெர்ட் 1897-லேயே சொல்லிவைத்த விதி இது. ஆகவே சி-10 கணக்கில் 100 போட்டது, சி-20 கணக்கில் 100 போட்டதைவிடப் பெரிய பேட்டரி. விலை ஒப்பிடும்போது மறந்துவிடாதீர்கள்.

நடுவில் வயர் எடுக்காதீர்!

பல லாரிகளில் நடப்பது இது. வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு சீரிஸில் இருக்கும். 12 வோல்ட் ஃபேனுக்கு என்ன செய்கிறார்கள்? ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுகிறார்கள். சுலபமான வேலை! ஆனால் ராத்திரி ஒன்று காலியாகிறது, மற்றது நிறைந்தே இருக்கிறது. காலையில் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே கரண்ட்டைத்தான் தள்ளும். நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது. காலியானது நிறையாமலே நிற்கிறது. கொஞ்ச நாளில் இரண்டும் காலி. தனி பேட்டரி வைக்க முடியாதவர்கள்கூட 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, வோல்ட்டேஜ் இறங்கினால் தானே துண்டிக்கும் கட்-ஆஃபும் வைத்தால் இந்தச் சாவைத் தவிர்க்கலாம்.

தனி பேட்டரிக்கு சார்ஜ்? ஓடுகிற லாரி என்றால், என்ஜின் ஓடும்போது மட்டும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே போதும். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி வைத்தால் இடையில் அதற்கான சார்ஜர் வேண்டும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும் ரிக் துணை லாரிக்கு அது பத்தாது. கூரை மேல் 150 வாட் சோலார் பேனல் ஒன்று வைத்தால், நம்மூர் வெயிலுக்கு மேலே போட்ட 390 வாட்-அவர் கணக்கு இழப்பு போகவும் கட்டிவரும்.

உயிர் சம்பந்தப்பட்டவை

சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அதே லாரியில்தான் கேஸ் அடுப்பும் எரிகிறது! ஹைட்ரஜன் லேசானது, மேலே போகும். ஆகவே பேட்டரிப் பெட்டியின் காற்றுவழி மேலே இருக்க வேண்டும். சமையல் கேஸ் கனமானது, கீழே தேங்கும்; சிலிண்டர் பெட்டியின் ஓட்டை அடியில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. பேட்டரி டெர்மினலை ஒட்டியே ஒரு ஃபியூஸ் வையுங்கள். வயர் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி இரக்கம் காட்டாது.

அடுத்தது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் நம் நாக்குக்கு அமிர்தம்தான், ஆனால் பேட்டரிக்கு அதுவும் விஷம். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பு பிளேட்டைத் தின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். அமிலம் சிந்திப் போனாலொழிய அமிலம் சேர்க்கக்கூடாது, வற்றுவது தண்ணீர்தான். வெயிலையும் மறக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. சைலன்சர் பக்கத்தில் பேட்டரிப் பெட்டி கட்டுகிற பட்டறைக்காரர்களுக்கு இதை யாராவது சொல்லுங்களேன்!

முதலாளி சொல்வார்...

"ஏனுங்க, ரெண்டு பேட்டரி வண்டியிலயே இருக்குது, மூணாவது எதுக்குங்க?" நியாயமான கேள்விதான். நியாயமாகவே பதில் சொல்வோம். ராத்திரி ஃபேனால் ஸ்டார்ட்டிங் பேட்டரி இறங்கி, ஆளில்லாத காட்டில் வண்டி எழும்பாமல் நின்றால் ஒருநாள் வாடகை போகும். "அப்படின்னா என்ஜினை ஓடவிட்டுத் தூங்கட்டும்" என்றால், சும்மா நிற்கும் என்ஜின் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு, முப்பது ராத்திரிக்குப் பெருக்கிப் பாருங்கள். மூன்றாவது பேட்டரியின் விலை எந்த மாதத்தில் திரும்பி வரும் என்பது தெரிந்துவிடும்.

"இப்பத்தான் லித்தியம் வந்தாச்சே?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். எடை குறைவு, ஆழமாக இறக்கலாம், ஆயிரக்கணக்கான முறை உழைக்கும். மறுக்கவில்லை. கையில் முதல் இருப்பவர்கள், அதற்கேற்ற சார்ஜரோடு போடட்டும். ஆனால் முன்பின் தெரியாத ஊரில், மொழி தெரியாத கடையில், இருக்கிற கருவியை வைத்துச் சரிபார்க்கக் கூடியது இன்னும் ஈய பேட்டரிதான். செத்த பிறகும் காசுக்குப் போகிறது.

அந்தக் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்குகிறவனுக்குக் கொடுத்தால் ஐம்பது, நூறு அதிகம் கிடைக்கலாம். அந்தப் புகையும் மண்ணும் போய்ச் சேர்வது பக்கத்து வீட்டுக் குழந்தையின் இரத்தத்தில். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருக்கிறது என்று யூனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கடையிலேயே கொடுத்துவிட்டு, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! சீக்கிரமே நம்மில் சிலர் கரூரில் பாடி கட்டும் பட்டறையில் நிற்போம். சிலர் நாமக்கல்லில் சர்வீஸ் பார்ப்போம், சிலர் பேட்டரிக் கடைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று வியாபாரம் பேசுவோம். ஒரு டிரைவர் அண்ணன் வந்து, "நல்லதாப் பார்த்து ஒண்ணு குடு தம்பி" என்பார். அவருக்கு நம்மைத் தவிர வேறு எஞ்சினியர் கிடையாது. கம்பெனிப் பெயரைச் சொல்லுமுன், "அண்ணா, இதுல என்ன ஓட்டோணுங்க? எங்க வெக்கப் போறீங்க? தண்ணி யாரு ஊத்துவாங்க?" என்று கேட்போம். கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கி எழுந்து வண்டியை எடுப்பார்.

— மின்னியல் துறை, இறுதியாண்டு மாணவன்